கைக்கு அடங்கும் தோல்: ஆண்களுக்கான கைப்பட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறை

வில்லை வளைத்து அம்பை விடும்போது நாண் முன்கையில் சுண்டி அடிக்கும். அந்த அடியைத் தாங்குவதற்காக வில்லாளர்கள் கட்டிக்கொண்ட தோற்கட்டுக்குக் கோதை என்று பெயர். வடமொழியில் கோதா என்ற சொல் உடும்பையும் குறிக்கும். உடும்புத் தோலால் செய்த இந்தக் கட்டையும் குறிக்கும். வில்வேடராகிய திண்ணனார் கண்ணப்பராக வணங்கப்படும் திருக்காளத்தி, 4-4-2022 அன்று உருவான திருப்பதி மாவட்டத்திற்குள் இன்று அமைந்துள்ளது. ஆண்பிள்ளை கையில் தோல் கட்டுவது நேற்று வந்த நாகரிகம் என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு இதை நினைவூட்டலாம். முதலில் கையைக் காத்த பொருளே பின்னர் அணியாயிற்று.

சித்தூரிலும் திருப்பதியிலும் இப்போது கல்லூரி மாணவர்கள் முதல் ஓய்வு பெற்றவர்கள் வரை பலரது மணிக்கட்டில் தோல் பிரேஸ்லெட்டைக் காண்கிறோம். கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள கடைத்தெருக்களில் செப்புக் காப்பு, கறுப்புக் கயிறு, ருத்திராட்ச மாலை ஆகியவற்றின் நடுவே இந்தக் கைப்பட்டைகளும் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. வாங்குகிறவர் ஒன்றைக் கையில் எடுக்கிறார். பட்டனைப் போட்டுப் பார்க்கிறார். சற்றுத் தளர்வாக இருந்தாலும், சற்று இறுக்கமாக இருந்தாலும் பணத்தைக் கொடுத்துவிட்டு நகர்கிறார். காலணி வாங்கும்போது நான்கு அடி நடந்து பார்க்கும் நாம், கைப்பட்டைக்கு அந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை. அதனால்தான் வாங்கிய பட்டைகளில் பெரும்பாலானவை மூன்றாம் மாதம் அலமாரிக்குள் சென்றுவிடுகின்றன.

விலை சில நூறு ரூபாய்தானே என்று கேட்கலாம். வங்கிப் பணியில் இருப்போருக்குச் சில நூறு ரூபாயையும் கணக்குப் பார்க்கும் வழக்கம் விடுவதில்லை. 300 ரூபாய் ரெக்சின் பட்டை ஆறு மாதத்தில் உரிந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் பத்துப் பட்டைகள், 3,000 ரூபாய். 900 ரூபாய்க்கு வாங்கிய நல்ல தோல் பட்டை அந்த ஐந்து ஆண்டுகளும் உழைத்தால், மீதம் 2,100 ரூபாய். ஆனால் இந்தக் கணக்கு, பட்டை கைக்குச் சரியாகப் பொருந்தி நாம் அதை நாள்தோறும் அணிந்தால்தான் பலிக்கும். பொருந்தாத நல்ல பட்டை, பொருந்திய மலிவுப் பட்டையைவிடப் பெரிய நட்டம்.

தோல் வரும் வழி

சித்தூர்க்காரர்களுக்கு நல்ல தோல் தொலைவில் இல்லை. 1911 வரை சித்தூர் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர் பெற்ற இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு முதலிய ஊர்கள் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தவையே. மாவட்டமும் பின்னர் மாநிலமும் பிரிந்தன. தோல் வரும் வழி பிரியவில்லை. வேலூருக்குப் பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஆம்பூரும் வாணியம்பாடியும் அதற்கு அப்பால்.

அப்பகுதியின் பழைய பதனிடும் முறை ஆவாரம் பட்டையை நம்பியிருந்தது. தெலுங்கில் தங்கேடு என்று அழைக்கப்படும் அதே ஆவாரை. சித்தூர் மாவட்டத்து வறண்ட மேட்டு நிலங்களில் மஞ்சள் பூப்பூத்து நிற்பது. அதன் பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்து, தோல் அழுகாமல் காக்கிறது. கடுக்காயும் இதற்குத் துணை. பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. இவ்வாறு மரப்பட்டையால் பதனிட்டு ஏற்றுமதியான தோல், கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் உலகச் சந்தையில் அறியப்பட்டது. அதற்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்புகளால் பதனிடும் முறை சென்னை மாகாணத்திற்கு வந்தது. அரசுப் பணியில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் அதற்கான சோதனைகளை நடத்தினார். சேம்பர்ஸ் என்பவர் 1912-இல் பல்லாவரத்தை அடுத்துத் தொடங்கிய குரோம் லெதர் நிறுவனத்தின் பெயரே இன்று குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயராக நிற்கிறது. மின்சார ரயிலில் அந்த நிலையத்தை நாள்தோறும் கடப்பவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு தோல் பதனிடும் முறையின் பெயர் என்று தெரியுமோ! 1948-இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது.

கைப்பட்டை வாங்குபவருக்கு இந்த வரலாறு எதற்கு? பதனிட்ட முறையைப் பொறுத்தே பட்டையின் குணம் அமைகிறது என்பதால்தான். மரப்பட்டையால் பதனிட்ட தோல் முதலில் சற்று விறைப்பாக இருக்கும். பழுப்பு நிறத்தில் தொடங்கி, வெயிலும் வியர்வையும் கை எண்ணெயும் பட்டு ஆண்டுக்கு ஆண்டு கருமை ஏறும். அணிபவரின் மணிக்கட்டு வளைவை மெல்ல ஏற்றுக்கொள்ளும். குரோமியத்தால் பதனிட்ட தோல் முதல் நாளிலேயே மென்மையாக இருக்கும். நிறம் அவ்வளவாக மாறாது. ஈரத்தையும் சற்று நன்றாகத் தாங்கும். அகலமான, தனித்த ஒரே பட்டைக்கு முன்னதும், பின்னிய மெல்லிய கயிறுகளுக்குப் பின்னதும் ஏற்றவை என்பது நம் கருத்து.

பதனிடும் தொழிலுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. கர்நாடகத்தில் பிறந்து குப்பம் வழியே தமிழ்நாட்டிற்குள் செல்லும் பாலாறு, தோல் ஆலைக் கழிவால் பட்ட பாடு நாடறிந்தது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. இவ்வளவு விலை கொடுத்து வந்த பொருளை மூன்று மாதத்தில் குப்பையில் எறிவது, ஆற்றுக்கும் செய்யும் அநியாயம்.

தோலா, ரெக்சினா?

கடையில் கேட்டால் எல்லாமே அசல் தோல்தான். நாமே பார்த்துத் தெரிந்துகொள்வதற்குச் சில வழிகள் உண்டு. முதலில் பட்டையின் ஓரத்தைப் பாருங்கள். அசல் தோலை வெட்டிய ஓரத்தில் நார்கள் அடர்த்தியாகத் தெரியும். ரெக்சினில் துணியின் மேல் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பது தெரியும். ஓரம் முழுவதும் தடித்த வண்ணம் பூசி மூடியிருந்தால், பட்டனுக்காகக் குத்திய துளைக்குள் பாருங்கள்; அங்கே பெரும்பாலும் வண்ணம் எட்டுவதில்லை. பின்புறம் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பட்டையை வளைத்தால் மேற்பரப்பில் ஒழுங்கற்ற நுண்ணிய சுருக்கங்கள் தோன்றி மறையும். எல்லா இடத்திலும் ஒரே அச்சில் வார்த்தது போன்ற புள்ளிகள் இருந்தால் ஐயப்படுங்கள். தீக்குச்சி கொளுத்திக் காட்டும் சோதனையைச் சில கடைகளில் செய்கிறார்கள். அசல் தோல் முடி கருகும் நாற்றம் தரும் என்பது உண்மையே; ஆயினும் வாங்கப் போகும் பொருளைச் சுட்டுப் பார்ப்பது நமக்கு உவப்பாகப் படவில்லை.

அசல் தோலிலும் தரம் உண்டு. தடித்த தோலைப் படலங்களாகப் பிளக்கும்போது மேற்படலமே வலிமை மிக்கது. அடிப்படலத்தின் மேல் வண்ணப்பூச்சு ஏற்றி விற்பதும் தோல்தான்; பொய்யில்லை. ஆனால் அது விரைவில் நைந்துவிடும். தோல் துணுக்குகளை அரைத்துப் பசையில் ஒட்டித் தகடாக்கியதையும் தோல் என்றே விற்கிறார்கள். அது பழைய அட்டைப்பெட்டியைப் போல மடிப்பில் பிளந்துபோகும்.

எந்த விலங்கின் தோல் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மாட்டுத் தோலை அணிய விரும்பாத வாடிக்கையாளர்கள் திருப்பதியில் பலர். ஆட்டுத் தோல் மெல்லியது, வலிமையானது, பின்னலுக்கு உகந்தது. எருமைத் தோல் தடிமனானது, அகலப் பட்டைக்கு ஏற்றது. தோலே வேண்டாம் என்பவர்கள் பருத்திக் கயிற்றுப் பின்னலை அணியலாம். அதையும் இங்கே சொல்லும் அளவுக் கணக்குப்படியே வாங்கலாம்.

அளவு என்னும் கணக்கு

நாம் சித்தூரில் பார்த்த தோல் தொழிலாளர் ஒருவர், பட்டை கேட்டு வந்தவரின் கையை நீட்டச் சொல்லி, செய்தித்தாளில் ஒரு விரல் அகலத்திற்குக் கிழித்த துண்டை மணிக்கட்டில் சுற்றி நகத்தால் குறித்துக்கொண்டார். பின்னர் மற்றொரு கையையும் அளந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “வேலை செய்யும் கை கொஞ்சம் பெருத்திருக்கும் அண்ணா” என்றார். அவர் சொன்னது சரி. வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வலது மணிக்கட்டு சில மில்லிமீட்டர் பெரியதாக இருப்பது வழக்கம். எந்தக் கையில் அணியப் போகிறோமோ அந்தக் கையைத்தான் அளக்க வேண்டும்.

அளக்கும் இடம் முக்கியம். சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்பை அடுத்து, முழங்கைப் பக்கத்தில், பட்டை வழக்கமாக அமரும் இடத்தில் தாளைச் சுற்றுங்கள். எலும்பின் மேலேயே சுற்றினால் அளவு கூடிவிடும். காலையில் அளப்பதைவிட மாலையில் அளப்பது மேல்; வெயிலில் கை சற்று வீங்கும், அதிலும் சித்திரை வைகாசியில் சொல்லவே வேண்டாம். ஆண்களின் மணிக்கட்டுச் சுற்றளவு பெரும்பாலும் 15 முதல் 19 செ.மீ. வரை இருக்கும்.

மணிக்கட்டு 17 செ.மீ. என்றால் 17 செ.மீ. பட்டை போதாது. காரணம் தோலின் தடிமன். தட்டையாகக் கிடக்கும் பட்டையை வட்டமாக வளைக்கும்போது அதன் உட்பக்கம் சுருங்குகிறது, வெளிப்பக்கம் நீள்கிறது. பள்ளியில் படித்த வட்டக் கணக்கின்படி, 2 மி.மீ. தடிமனுள்ள பட்டையின் உட்சுற்றளவு, தட்டையாக அளந்த நீளத்தைவிட ஏறத்தாழ 6 மி.மீ. குறையும். 3 மி.மீ. தடிமன் என்றால் 9 மி.மீ.க்கு மேல். 6 மி.மீ. தடிமனுள்ள பின்னல் கயிறு என்றால் கிட்டத்தட்ட 19 மி.மீ. ஒரே நீளம் எழுதிய மெல்லிய பட்டை கையில் ஆடுவதும் தடித்த பின்னல் இறுக்குவதும் இதனால்தான். கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் நீளத்தைச் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

ஆகவே மணிக்கட்டு அளவோடு, இந்தத் தடிமன் கழிவையும், காற்றோட்டத்திற்கு ஒரு செ.மீ. அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். மணிக்கட்டு 17 செ.மீ., தோல் 2 மி.மீ. என்றால் பட்டை சுமார் 18.5 செ.மீ. இருக்க வேண்டும். மூன்று செ.மீ.க்கு மேல் அகலமான பட்டைக்கு இன்னும் அரை செ.மீ. கூடுதலாகத் தேவைப்படும், முன்கை முழங்கையை நோக்கிப் பருத்துச் செல்வதால் அகலப் பட்டையின் ஒரு விளிம்பு எப்போதும் அழுத்தும். நீளம் என்பது முனைக்கு முனை அன்று. பட்டனின் நடுவிலிருந்து அது பொருந்தும் எதிர்ப் பட்டனின் நடுவரை உள்ள தொலைவு. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் பகுதியைச் சேர்த்து எண்ணக் கூடாது.

அணிந்து பார்க்கையில், பட்டைக்கும் கைக்கும் இடையே ஆள்காட்டி விரல் தடையின்றி நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் தளர்வு. கையைத் தொங்கவிட்டால் பட்டை எலும்பைத் தாண்டிப் புறங்கைக்கு இறங்கக் கூடாது. முட்டியை மடக்கிக் கட்டைவிரலை உள்ளே வைத்து மணிக்கட்டை வளைத்துப் பாருங்கள். அப்போது நரம்பில் அழுத்தினால் அது உங்கள் பட்டை அன்று. கழற்றிய பின் தோலில் பதிந்த தடம் சில நிமிடங்களில் மறைந்துவிட வேண்டும்.

புதிய தோல் முதல் சில வாரங்களில் சற்று நீளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மரப்பட்டைத் தோலாக இருந்தால் முதல் நாள் ஓர் இழை இறுக்கமாகவே அமையட்டும். பல துளைகள் உள்ள பக்கிள் பட்டையில் நடுத் துளையே பொருந்துவதாக வாங்கினால், கோடையில் ஒரு துளை தளர்த்தவும் பின்னர் ஒரு துளை இறுக்கவும் இடமிருக்கும். கடைசித் துளையில் பொருந்தும் பட்டையை, எவ்வளவு அழகாயிருப்பினும், வாங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

எந்தக் கையில், எந்தப் பூட்டு?

மேலை நாட்டு நூல்கள் சொல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. நாம் கையால் உண்பவர்கள். வலக்கையில் கட்டிய தோல் பட்டை நாள்தோறும் சாம்பாரையும் சோப்பு நீரையும் சந்திக்கிறது. தோலுக்குப் பகை நீர் மட்டுமன்று. ஈரம் காயாமல் நிற்பதே பெரும்பகை. இடக்கையிலோ கைக்கடிகாரம் இருக்கிறது. பட்டையின் பித்தளைப் பூண் கடிகாரக் கண்ணாடியில் உரசும். வலக்கையில் ஏற்கெனவே காப்போ கோயில் கயிறோ இருப்பவர்களும் பலர். அதோடு, தோல் பொருளை அணிந்து சந்நிதிக்குள் செல்லாமல் கழற்றி வைப்பது நம்மில் பலரது வழக்கம்.

ஆக, குளியல், உணவு, கோயில் என்று நாளுக்கு நான்கைந்து முறை கழற்றி மாட்ட வேண்டிய அணி இது. ஒரே கையால் கழற்ற முடியாத பூட்டு நமக்கு உதவாது. பக்கிள் உறுதியானது, அளவை மாற்ற ஏற்றது. ஆனால் ஒரு கையால் மாட்டுவதற்குப் பழக்கம் வேண்டும். டிச் பட்டன் எளிது. ஒரே அளவுதான் என்பதால் கையில் வைத்துப் பார்த்த பிறகே பட்டனை அடிக்கச் சொல்ல வேண்டும். இழுத்து இறுக்கும் முடிச்சுக் கயிறு எல்லா அளவுக்கும் பொருந்தும். நாளடைவில் முடிச்சு வழுக்கத் தொடங்கும். காந்தப் பூட்டு மிக எளிது. அதில் இரண்டு எச்சரிக்கைகள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் காந்தப் பொருளை மார்பருகே கொண்டு செல்லக் கூடாது. ஆகவே அவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது. மற்றொன்று, பட்டையைக் கழற்றிப் பணப்பையில் ஏடிஎம் அட்டையோடு சேர்த்துப் போட வேண்டாம். அட்டையின் பின்புறக் கறுப்புக் கோட்டில் உள்ள பதிவு காந்தத்தால் கெடக்கூடும்.

இயந்திரத்தருகே வேலை செய்பவர்கள் பணி நேரத்தில் எதையும் கையில் அணியக் கூடாது. சித்தூர்ப் பகுதி வெல்லத்துக்குப் பெயர் பெற்றது. கரும்பு ஆலையின் உருளைகள் கைப்பட்டையைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மாங்கூழ்த் தொழிற்சாலை, கடைசல் பட்டறை, மோட்டார் பெல்ட் ஆகியவற்றிற்கும் இதுவே பொருந்தும். இங்கே அழகைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

பொருத்தம்

எது அழகு என்பது அவரவர் விருப்பம் என்றாலும், கண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. மெலிந்த மணிக்கட்டில் நான்கு செ.மீ. அகலப் பட்டை, கட்டுப் போட்டது போலத் தோன்றும்; 6 முதல் 10 மி.மீ. வரையுள்ள பட்டையோ, இரண்டு சுற்றாக வரும் மெல்லிய கயிறோ எடுப்பாக இருக்கும். இரண்டு சுற்றுக்கு நீளத்தை இரட்டிப்பாக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு சுற்றுக்கும் தடிமன் கழிவு உண்டு. பருத்த கைக்கு 15 முதல் 25 மி.மீ. வரை அகலம் நன்றாயிருக்கும்.

மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் தேன் பழுப்பும் செம்பழுப்பும் மிக நன்றாக எடுக்கும். கடைகளில் கறுப்புப் பட்டைகளே மிகுதி. கறுப்பு கடைசித் தேர்வாக இருக்கட்டும் என்பது நம் சொந்தக் கருத்து. அலுவலகத்துக்கு அணிபவர்கள் இடுப்பு பெல்ட்டின் நிறத்தோடும் காலணியின் நிறத்தோடும் ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுக்கலாம். முழுக்கைச் சட்டை அணிபவர்கள், பட்டன் போட்ட சட்டைக்கையின் உள்ளே பட்டை தடையின்றி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். புடைத்த பூண்களும் மண்டையோட்டு வில்லைகளும் சட்டைக்கையைக் கிழிக்கும். கவுன்டரில் எதிரே நிற்கும் பெரியவரையும் சற்று மிரள வைக்கும்.

உடல் சொல்வதைக் கேளுங்கள்

பட்டைக்கு அடியில் சிவந்து அரித்தால், பழகினால் சரியாகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. சரியாகப் பதனிடாத குரோமியத் தோலில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் உருவாகலாம். அது ஒவ்வாமையைத் தூண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1-5-2015 முதல் உடலில் படும் தோல் பொருள்களில் இதற்கு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வரம்பு விதித்துள்ளது. ஏற்றுமதி செய்யும் நம் ஊர் ஆலைகள் அந்த வரம்புக்கு உட்பட்டே தோலை அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வாமை தோலினால் இல்லாமல், பட்டனிலும் பக்கிளிலும் உள்ள நிக்கல் பூச்சினாலும் வரலாம். அப்படிப்பட்டவர்கள் பித்தளை அல்லது எவர்சில்வர் பூண் கேட்டு வாங்கலாம். பித்தளை வியர்வையில் பச்சை பூக்கும்; துடைத்தால் போய்விடும்.

சிறுநீரகச் சிகிச்சைக்காகக் கையில் இரத்தக் குழாய் இணைப்பு செய்துகொண்டவர்கள் அந்தக் கையில் கடிகாரமோ பட்டையோ எதையும் இறுக்கமாக அணியக் கூடாது. அன்போடு பரிசளிப்பவர்களும் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

பராமரிப்பில் செய்ய வேண்டியது சிறிதே. நனைந்தால் துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைத்து வியர்வை உப்பை நீக்குங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நிறமற்ற தோல் கிரீம் தடவினால் போதும். வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது என்றால், ஒரு சொட்டைத் துணியில் தொட்டுத் தடவலாம். நிறம் சற்றுக் கருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைக்காதீர்கள்.

வாங்கும் இடம்

இணையத்தில் வாங்குபவர்கள், படத்திலுள்ள மாதிரியின் கை நம் கை அன்று என்பதை நினைவில் வைக்க வேண்டும். உட்சுற்றளவும் தடிமனும் எழுதியிருக்கிறதா, அளவு பொருந்தாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். திருப்பி அனுப்பிய பொருளுக்குப் பணம் தருவதாகச் சொல்லி, யாரேனும் கியூஆர் குறியீட்டை அனுப்பி யூபிஐ பின் எண்ணைப் போடச் சொன்னால் அது மோசடி. பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். நுகர்வோர் குறைகளுக்கு 1915.

நமது பரிந்துரை வேறு. சித்தூரிலும் திருப்பதியிலும் பேருந்து நிலையத்தருகிலும் கடைவீதி ஓரங்களிலும் காலணி தைப்பவர்கள் இன்னமும் அமர்ந்திருக்கிறார்கள். செருப்பு வார் அறுந்தால் மட்டுமே அவர்களிடம் செல்கிறோம். ஒரு பட்டைத் தோலை உங்கள் கையில் சுற்றிப் பார்த்து, அங்கேயே வெட்டி, ஓரம் தேய்த்து, நீங்கள் சொல்லும் இடத்தில் துளையிட்டு, பட்டன் அடித்துத் தர அவர்களால் முடியும். தொழிற்சாலையில் சிறியது, நடுத்தரம், பெரியது என்ற மூன்று அளவுகளில்தான் கைகள் உண்டு. இங்கே உங்கள் கைதான் அளவு. இரண்டு மாதத்தில் தளர்ந்தால் மறுபடி சென்று ஒரு துளை போட்டுக்கொள்ளலாம். பேரம் பேசுவதற்கு முன், அந்த நேரத்தில் அவர் எத்தனை செருப்புகள் தைத்திருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர்களிடம் இல்லாதது நல்ல தோல் வாங்கி வைக்கும் முதலும், ஓரம் மெருகேற்றும் கருவிகளும். 17-9-2023 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்றுள்ள 18 தொழில்களில் காலணித் தொழிலும் ஒன்று. பயிற்சிக்குப் பின் கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி. பிணையின்றி முதல் தவணையாக ஒரு லட்சம் ரூபாயும், அதைத் திருப்பிச் செலுத்திய பின் இரண்டாம் தவணையாக இரண்டு லட்சம் ரூபாயும் கடன். பயனாளி செலுத்த வேண்டிய வட்டி 5 விழுக்காடு. பொதுச் சேவை மையத்தில் ஆதார் அட்டையுடன் பதிவு செய்யலாம். ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பயன்பெற முடியும். கடைவீதி ஓரத்தில் அமர்ந்திருப்பவர் இதைக் கேள்விப்படாமலே இருக்கக்கூடும். அடுத்த முறை கையை அளக்கக் கொடுக்கும்போது, அவர் துளையிட்டு முடிக்கும் வரை உங்களுக்கு ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் இதைச் சொல்லிவிடலாம்.